மதில்மேல் ஒரு காற்றாலை

சித்திரத்தைப் பற்றி வானொலியிற் பேசுவது, கண்ணுக்குரிய விருந்தைக் காதுக்குப் பரிமாறுவது போன்றது. ஆயினும், இன்று நான் எடுத்துக்கொண்ட சித்திரத்துக்கு ஒரு வசதி உண்டு. அதில் வண்ணம் இல்லை, பொன்னொளி இல்லை, அரசர், வீரர், தேவதூதர் எவரும் இல்லை. கறுப்பு மையாலான மெல்லிய கோடுகளும், அவற்றின் நடுவே வெறுமையாக விடப்பட்ட தாளின் வெண்மையுமே அதன் முழுச் செல்வம். ஆகையால், சற்று நேரம் கண்களை மூடிக்கொண்டு கேட்பீர்களாயின், அந்தக் கோடுகளை உங்கள் மனத்திரையில் ஒருவாறு இழுத்துக் காட்டிவிடலாம் என்று நம்புகிறேன்.

பாடசாலைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கத்தை எடுத்துக் குறுக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள். சித்திரத்தின் அளவு ஏறக்குறைய அவ்வளவே. அகலம் 21 சதமமீற்றருக்குச் சற்றுக் குறைவு. உயரம் பதினான்கரைச் சதமமீற்றர். அதில் ஒரு காற்றாலை நிற்கிறது. மரத்தாலான உடல், அதன் உச்சியில் தொப்பி கவிழ்த்தாற் போன்ற ஒரு கூரை, அக்கூரையினின்று நீண்டு விரிந்த நான்கு கைகள். ஆலையை ஒட்டிப் பழைய வீடொன்று தாழ்ந்து கிடக்கிறது. பலகைகளின் வெடிப்பு, கூரையின் தேய்வு, வெயிலும் மழையும் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை ஆகியவற்றையெல்லாம் ஊசிமுனை ஒன்று பொறுமையாகக் கணக்கெடுத்திருக்கிறது. அப்பால், மிகத் தாழ்ந்த அடிவானம். அதன்மேல் பரந்து கிடப்பது வானம். தாளின் கீழ்ப்புறத்திலே ஓவியனின் கையொப்பமும் 1641 என்னும் ஆண்டும் காணப்படுகின்றன. ஒப்பமிட்டவர் றெம்பிராண்ட்.

இது நகர மதிலைக் காட்டும் சித்திரம் என்று சொன்னால், பார்ப்பவர் உடனே மதிலைத் தேடுவார். கல்லடுக்கிய சுவரோ, கோபுரவாயிலோ அங்கே தென்படா. ஆலை நிற்கும் மேட்டுநிலமே மதில்! அம்ஸ்ரர்டாம் நகரத்தைச் சூழ்ந்திருந்த அரணின் ஒரு கொத்தளத்தின்மீதே அந்த ஆலை நின்றது. அதன் அடியில் அகழிநீர் ஓடிற்று. மதிலை ஓவியன் எட்ட நின்று பார்க்கவில்லை. மதில்மேலேயே ஏறிப்போய்த் தன் ஊசியை எடுத்திருக்கிறான்.

இச்சித்திரத்தைப் பற்றி நெடுங்காலம் ஒரு செவிவழிச் செய்தி வழங்கிவந்தது. இது றெம்பிராண்டின் தந்தையாருடைய ஆலை என்பதே அச்செய்தி. அதற்குக் காரணமும் இல்லாமற் போகவில்லை. றெம்பிராண்ட் 1606ஆம் ஆண்டு லெய்டன் நகரத்திற் பிறந்தவர். அவருடைய தந்தை ஹார்மன் மாவாலை நடத்தியவர். மதுவடிப்போருக்கு வேண்டிய முளைத்தானியத்தை அரைத்துக் கொடுப்பது அவர் தொழில். அந்த ஆலையும் லெய்டன் நகரத்தின் மதில்மேலேதான், றைன் ஆற்றின் பக்கத்திலே நின்றது. 'வான் றைன்' என்று அக்குடும்பத்துக்கு வழங்கிய பெயரும் அவ்வாற்றின் தொடர்பால் வந்ததே. ஆலைக்காரனின் மகன் ஓர் ஆலையை இவ்வளவு அன்போடு வரைந்திருக்கிறான். அது தந்தையின் ஆலையாகத்தான் இருக்கவேண்டும் என்று மக்கள் முடிவுகட்டினர். கேட்பதற்கு இனிய கதை. ஆனால் இனிமை மட்டும் உண்மைக்குச் சான்றாகிவிடாது.

பழைய நகரப் படங்களையும் பதிவேடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் இக்கதையைத் திருத்தினார்கள். பிரிற்ஸ் லக்ற் என்னும் ஒல்லாந்த அறிஞர், றெம்பிராண்ட் அம்ஸ்ரர்டாமிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நடந்து திரிந்த இடங்களைத் தேடிச் சென்று, 1915இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக, சித்திரத்திலுள்ள ஆலை லெய்டனில் இருந்ததன்று, அம்ஸ்ரர்டாமின் மேற்கு மதிலில் 'பஸ்ஸேர்டர்' என்னும் கொத்தளத்தில் இருந்தது என்பது தெளிவாயிற்று. அதை உடைமையாகக் கொண்டிருந்தவர்கள் தோல் பதனிடும் தொழிற்குழுவினர். ஊரார் அதற்கு இட்ட பெயரோ இன்னும் சுவையானது: 'சின்ன நாற்ற ஆலை'.

நேயர்களுள் பலர் சிறுவயதில் மீனெண்ணெய் குடித்திருப்பீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி விழுங்கியபின், அந்த வாடை நாக்கைவிட்டுப் போகாமல் நெடுநேரம் நின்று வருத்தியதும் நினைவிருக்கும். அந்த மீனெண்ணெயைப் பீப்பாய்க் கணக்கில் ஊற்றி, ஆட்டுத்தோலையும் மான்தோலையும் மெதுமைப்படுத்துவதற்காக இடித்துப் பிசையும் இடம் எப்படி மணத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதுவே நாற்ற ஆலையின் பெயர்க்காரணம். நாம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து வியக்கும் இந்த அமைதியான காட்சியை வரைந்த மனிதன், வரையும்போது ஒருகால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்திருப்பான்! சித்திரம் மணத்தைச் சொல்லாது, வரலாறு சொல்கிறது.

இனி, மதில்மேல் ஆலை எதற்கு என்ற வினா எழும். விடையை அறிய, அந்த நாட்டின் நிலவியல்பைச் சிறிது நோக்கவேண்டும்.

ஒல்லாந்து தாழ்ந்த நிலம். அம்ஸ்ரர்டாம் சேற்றின்மேலும் நீரின்மேலும் எழுந்த நகரம். அங்கே மலையும் இல்லை. மலை தரும் கல்லும் இல்லை. வீடொன்று கட்டுவதென்றாலும், சேற்றுக்குக் கீழேயுள்ள உறுதியான மணற்படை வரை மரக்குற்றிகளை அறைந்து, அவற்றின்மேலேதான் அத்திவாரம் இடவேண்டும். 1648இல் தொடங்கப்பெற்ற நகர மண்டபத்துக்கு 13,659 மரக்குற்றிகள் அறையப்பட்டன என்பது அந்நாட்டுப் பள்ளிப்பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு. இத்தகைய நிலத்தில் அரண் அமைப்பவர்களுக்கு இயற்கை கொடுத்த பொருள்கள் இரண்டே: மண், நீர். அகழியை வெட்டினால் மண் கிடைக்கும். அம்மண்ணைக் குவித்தால் மதில் ஆகும். வெட்டிய பள்ளத்தில் நீர் தானே வந்து நிரம்பும். மண்மேட்டின் முகப்பைச் செங்கல்லாற் கட்டிவிட்டால் அரண் நிறைவெய்தும்.

இம்மதில்கள் உயரத்தில் தாழ்ந்தவை, தடிப்பில் மிகுந்தவை. பீரங்கி தோன்றுமுன், மதில் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு வலியது என்று கொள்ளப்பட்டது. பீரங்கி வந்தபின், உயர்ந்த கற்சுவர் எதிரிக்கு நல்ல இலக்காகிவிட்டது. குண்டு பட்டால் நொறுங்கி விழுந்தது. தாழ்ந்த மண்மதிலோ குண்டை விழுங்கிக்கொண்டது. மதிலிலிருந்து கூர்மூலையாக வெளியே நீட்டிக் கட்டும் மேடைகளே கொத்தளங்கள். ஒரு கொத்தளத்தில் நிற்கும் பீரங்கி, அடுத்த கொத்தளத்தின் பக்கத்தையும் இடையிலுள்ள மதிலின் அடியையும் நோக்கிச் சுடக்கூடியது. எனவே எதிரி ஒளிந்துகொள்ள மதிலோரத்தில் ஒரு மூலையும் மிஞ்சாது. வானத்திலிருந்து பார்த்தால் இத்தகைய அரண் ஒரு விண்மீனின் கூர்களைப் போலத் தோன்றும்.

போர்க்காலத்திற் பீரங்கி நிற்கவேண்டிய அந்த மேடைகள், அமைதிக்காலத்தில் வெறுமனே கிடந்தன. நகரத்தில் மிக உயர்ந்த திறந்தவெளி அவையே. வீடுகள் காற்றை மறிக்கா. காற்றைக் கொண்டு பிழைக்கும் ஆலைக்கு அதனினும் சிறந்த இடம் எது? ஆகவே கொத்தளங்கள்தோறும் ஆலைகள் எழுந்தன. தானியம் அரைப்பதும், தோல் பிசைவதும் மதில்மேலேயே நடந்தன. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் நகரம் மீண்டும் விரிவடைந்து அரண் நிறைவெய்தியபோது, அதில் 26 கொத்தளங்கள் இருந்தன. கடல்வழி வரும் மாலுமிக்கு அம்ஸ்ரர்டாம், வரிசையாகக் கையசைக்கும் ஆலைகளை அணிந்த நகரமாகத் தோன்றியிருக்கும்.

றெம்பிராண்ட் வரைந்த மதில் அப்போது பழையதன்று. அம்ஸ்ரர்டாமின் மக்கள்தொகை 1622இல் ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அது ஏறக்குறைய முப்பதினாயிரமே. வணிகம் பெருகிற்று, பிற நாடுகளிற் சமயத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டோர் அடைக்கலம் தேடி வந்தனர். பழைய மதிலுக்குள் நகரம் பிதுங்கிற்று. 1613ஆம் ஆண்டளவில் நகரசபையார் பெரியதொரு விரிவுத்திட்டத்தை மேற்கொண்டனர். அவ்வாறு தோண்டப்பட்டவையே 'பிரபுக்கள் கால்வாய்', 'சக்கரவர்த்தி கால்வாய்', 'இளவரசர் கால்வாய்' என்று பொருள்படும் பெயர்களைக் கொண்ட புகழ்பெற்ற மூன்று கால்வாய்கள். அவற்றின் கரைகளில் செல்வர் மாளிகைகள் எழுந்தன. அவற்றை உள்ளடக்கிய கால்வாய் வட்டத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் 2010ஆம் ஆண்டு சேர்த்தார்கள்.

ஆனால், எந்த நகரத்துக்கும் மாளிகை மட்டும் போதாது. சப்பாத்துக்குத் தோல் வேண்டும். துணிக்குச் சாயம் வேண்டும். இத்தொழில்கள் நாறும், புகையும், கழிவுநீரைக் கக்கும். செல்வர் வாழும் கால்வாய்க் கரைகளில் இத்தகைய தொழில்களுக்கு இடமில்லை என்று விலக்கு விதிக்கப்பட்டது. விலக்கப்பட்டவர்கள் எங்கே போவார்கள்? இளவரசர் கால்வாய்க்கும் மேற்கு மதிலுக்கும் இடையே ஒடுங்கிய தெருக்களும் சிறு கால்வாய்களும் கொண்ட ஒரு பகுதி அமைந்தது. அதற்கு யோர்டான் என்று பெயர். தொழிலாளரும், கைவினைஞரும், வெளியூரிலிருந்து வெறுங்கையோடு வந்தவரும் அங்கே குடியேறினர். 'தோல் பதனிடுவோர் கால்வாய்' என்று பொருள்படும் பெயர் கொண்ட கால்வாய் ஒன்று அப்பகுதியில் இன்றும் உண்டு. அதற்கு அருகே, நமது கொத்தளத்தின் பெயரைத் தாங்கிய பஸ்ஸேர்டர் கால்வாயும் தெருவும் உள்ளன. அப்பெயரும் மெல்லிய தோல் செய்யும் தொழிலாளரைக் குறிப்பதே.

இவற்றையெல்லாம் அறிந்தபின் சித்திரத்தை மறுபடி நோக்கினால், அது வேறொன்றாகத் தோன்றுகிறது. அவ்வாண்டில் றெம்பிராண்ட் நகரத்திலே பெரும்புகழ் பெற்ற ஓவியர். செல்வர்கள் தம் உருவத்தை எழுதிக்கொள்ள அவரைத் தேடி வந்தனர். அவர் 1639இல் 13,000 கில்டர் விலைபேசிப் பெரிய வீடொன்றை வாங்கியிருந்தார். கால்வாய்க்கரை மாளிகைகளைப் பொறித்து அச்சிட்டிருந்தால் அவற்றை வாங்குவோர் குறைந்திருக்கமாட்டார். அவரோ, நகரத்தின் முதுகுப்புறத்துக்கு நடந்து போனார். நகரம் எதை மூக்கைச் சுளித்துக்கொண்டு மதிலோரத்துக்குத் தள்ளியதோ, அதையே தம் தகட்டின் நடுவில் நிறுத்தினார். அதை அழகுபடுத்தவும் இல்லை, இழிவுபடுத்தவும் இல்லை. தேய்ந்த பலகையைத் தேய்ந்த பலகையாகவே, ஆனால் ஒரு முதியவரின் முகத்தை எழுதும் அதே கவனத்தோடு எழுதினார். உழைப்பு நடக்கும் இடத்துக்கும் ஒரு முகம் உண்டு என்பதே இச்சித்திரம் நமக்குச் சொல்லும் செய்தி.

இத்தகைய சித்திரம் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

நம் முன்னோர் ஓலையில் எழுதிய முறையை நினைவுகூருங்கள். எழுத்தாணி ஓலையைக் கீறும். எழுத்து உடனே கண்ணுக்குத் தோன்றாது. கோவையிலைச் சாற்றையும் விளக்குக்கரியையும் ஓலைமேற் பூசித் துடைத்தால், மேற்பரப்பிலுள்ள கரி போய்விடும். கீறலுக்குள் இறங்கிய கரி நின்று எழுத்தைக் காட்டும். செப்புத்தகட்டுச் சித்திரத்தின் அடிப்படையும் இதுவே. வேறுபாடு என்னவெனில், இங்கே கீறுவது கையன்று; திராவகம்.

மட்டமாக மெருகிட்ட செப்புத்தகட்டை முதலில் சூடாக்கி, அதன்மேல் மெழுகும் குங்கிலியமும் கலந்த மெல்லிய பூச்சொன்றைப் பரப்புவார்கள். பூச்சு உலர்ந்தபின் ஓவியன் ஊசியை எடுத்து அதன்மேல் வரைவான். ஊசி செம்பை வெட்டவேண்டியதில்லை; பூச்சைக் கீறினாற் போதும். ஆகவே தாளில் இறகுப் பேனா ஓடுவதுபோல, ஊசி தடையின்றி ஓடும். உளி கொண்டு செம்பை நேராகச் செதுக்கும் பழைய முறையில் இந்த உரிமை இல்லை. அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் தோளின் வலிமை வேண்டும். வரைந்து முடிந்ததும் தகட்டைத் திராவகத்தில் இடுவார்கள். நம் ஊர்த் தட்டார்கள் பொன்னைச் சோதிக்கப் பயன்படுத்துவது போன்ற திராவகந்தான். பூச்சு உள்ள இடத்தை அது தீண்டாது. ஊசி திறந்துவிட்ட வழியாக உட்புகுந்து செம்பை அரிக்கும். சிறிதுநேரம் அரித்தால் கோடு மெல்லியது. நெடுநேரம் அரித்தால் கோடு ஆழமானது, கறுத்தது. அடிவானத்தின் மெல்லிய கோடும் ஆலையின் அழுத்தமான நிழலும் வேறுபடுவதன் இரகசியம் பெரும்பாலும் இந்த நேரக் கணக்கிலேயே தங்கியுள்ளது.

பின்னர்ப் பூச்சை நீக்கி, தகடெங்கும் மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். அரித்த பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ஈரமாக்கிய தாளைத் தகட்டின்மேல் வைத்து, இரு உருளைகளின் நடுவே பேரழுத்தத்தோடு செலுத்தினால், மெதுமையான தாள் பள்ளங்களுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் இவ்வாறு கிடைக்கும். செல்வனுக்கு ஓர் எண்ணெய்வண்ண ஓவியம் எப்படியோ, அப்படியே எளிய குடும்பத்துக்கு இத்தகைய தாட்சித்திரம். றெம்பிராண்ட் தம் வாழ்நாளில் ஏறக்குறைய 300 தகடுகள் செய்தார். அவற்றுள் நிலக்காட்சிகள் ஏறத்தாழ இருபத்தைந்தே.

ஓவியன் தகட்டில் வரைவது தாளில் இடம் வலமாக மாறி விழும் என்பதையும் மறத்தலாகாது. றெம்பிராண்ட் பல நிலக்காட்சிகளில் இதைப்பற்றிக் கவலைப்படவே இல்லை. ஏறக்குறைய இதே காலத்தில் அவர் செய்த அம்ஸ்ரர்டாம் நகரத் தோற்றத்திலே, தேவாலயக் கோபுரங்களும் ஆலைகளும் கண்ணாடியிற் கண்டதுபோல் மாறி நிற்கின்றன. ஊரை நன்கு அறிந்த ஒருவர் அதைப் பார்த்துத் திகைத்திருப்பார். ஓவியருக்கோ, ஊரின் வரைபடத்தைவிட வெளியின் பரப்பும் ஒளியின் நிலையுமே பெரிதாயிருந்தன.

நமது காற்றாலைச் சித்திரத்தில் மற்றொரு விந்தையும் உண்டு. வானத்தை உற்றுநோக்கினால், தலைமயிரிலும் மெல்லிய வெடிப்புக்கோடுகள் வலைபோல் ஓடுவதைக் காணலாம். மெழுகுப்பூச்சிலே நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, அவற்றினூடாகத் திராவகம் கசிந்து சென்றதன் விளைவு அது. வேறு எவரேனும் ஆயின், தகடு கெட்டுவிட்டதென்று வருந்தியிருப்பர். அல்லது அக்கோடுகளைத் தேய்த்து மழுக்கியிருப்பர். அதற்குக் கருவியும் வழியும் உண்டு. றெம்பிராண்ட் அவற்றை விட்டுவைத்தார். இன்று பார்ப்பவருக்கு அவை, ஈரக்காற்று நிறைந்த வடகடல் நாட்டு வானத்தின் அசைவாகவே தோன்றுகின்றன. வெறுமையாய் விட்ட வானத்துக்கு அந்தப் பிழையே உயிர் கொடுத்தது.

இச்சித்திரம் பிறந்த ஆண்டைச் சுற்றி ஓவியரின் இல்வாழ்க்கையைப் பார்த்தால் மனம் கனக்கிறது. அவருக்கும் மனைவி சாஸ்கியாவுக்கும் பிறந்த முதல் மூன்று குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தனர். 1640இல் அவருடைய தாயார் லெய்டனிற் காலமானார். 1641இல் தீத்துஸ் என்னும் மகன் பிறந்தான். அவன் மட்டுமே வளர்ந்து ஆளானவன். மறு ஆண்டு, 1642 யூன் மாதத்தில், சாஸ்கியா கண்மூடினாள். நோயும் இழவும் சூழ்ந்த வீட்டைவிட்டு அவர் மதிலோரம் நடந்து போனதற்குக் காரணத்தை அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆயினும், மதில்மேல் நின்ற ஓர் ஆலையைப் பார்த்து ஊசியை எடுத்த அந்த ஆலைக்காரனின் மகனுக்கு, லெய்டன் மதிலில் தாம் சிறுவனாய் ஓடித் திரிந்த ஆலை நினைவுக்கு வந்திராது என்று யார் சொல்வார்? பழங்கதை இடத்தைப் பற்றிச் சொன்னது பிழை. உள்ளத்தைப் பற்றிச் சொன்னதில் ஒருவேளை உண்மை இருக்கலாம்.

இத்தனை தொலைவிலுள்ள மதிலுக்கும் நமக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இச்சித்திரம் பொறிக்கப்படுவதற்கு முந்திய ஆண்டு, 1640 மார்ச்சு மாதத்திலே, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் படைகள் காலிக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றின. 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின. அம்ஸ்ரர்டாமை அணிசெய்த செல்வத்தில் ஒரு பங்கு நமது கறுவாவாலும் வந்ததே. செல்வம் அங்கே போயிற்று. மதில் கட்டும் கலை இங்கே வந்தது.

யாழ்ப்பாணத்திற் போர்த்துக்கேயர் கட்டிய நாற்சதுரக் கோட்டையை மாற்றி, ஐந்து கொத்தளங்கள் கொண்ட ஐங்கோண அரணாக ஒல்லாந்தர் அமைத்தனர். தாழ்ந்து தடித்த மதில், நீட்டிய கூர்மூலைகள், சுற்றிலும் அகழி: றெம்பிராண்ட் ஏறி நின்ற அரணின் அதே இலக்கணம். அங்கே செங்கல், இங்கே கடற்பாறைக் கல். கொத்தளங்களுக்குத் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களையே சூட்டினர். வெளியரண் வேலைகள் 1792இல் நிறைவெய்தின. மூன்றே ஆண்டுகளில், 1795இல், கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று! நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டியவர்களுக்கு அது காவலாய் நின்ற நாள் எத்தனை?

கோட்டையைவிட நிலையாக நின்றவை சில சொற்கள். அலுவலகத்தை இன்றும் நம் முதியோர் 'கந்தோர்' என்பர். மேசையின் இழுப்பறையை 'லாச்சி' என்பர். கையிற் காசில்லாதவன் 'துட்டு' இல்லை என்பான். மூன்றும் ஒல்லாந்தர் வாய்மொழியிலிருந்து வந்தவை. அம்ஸ்ரர்டாமின் தோல் வணிகனும், தன் கந்தோரில் இருந்து துட்டை எண்ணி லாச்சிக்குள் இட்டவனே.

அம்ஸ்ரர்டாம் மதிலின் முடிவு என்ன? பீரங்கியின் வீச்சு வளர வளர, மண்மதிலால் பயன் இல்லாது போயிற்று. 19ஆம் நூற்றாண்டிலே கொத்தளங்களை ஒவ்வொன்றாக இடித்துத் தரைமட்டமாக்கினர். சின்ன நாற்ற ஆலையும் மறைந்தது. எஞ்சியது அகழி ஒன்றே. இன்று அந்நகரத்தின் படத்தை விரித்து, 'சிங்கல்' கால்வாய் என்னும் வெளிவட்ட நீர்நிலையைப் பார்த்தால், அது நேராக ஓடாமல் அடிக்கடி முழங்கை மடித்தாற்போல் வளைந்து செல்வதைக் காணலாம். ஒவ்வொரு மடிப்பும், மறைந்துபோன ஒரு கொத்தளத்தைச் சுற்றி நீர் ஓடிய பழைய வழி. மதில் போயிற்று, நீர் அதன் உருவத்தை மறக்கவில்லை.

அந்தக் கால்வாயின் வெளிக்கரையிலே, 1885இல் திறக்கப்பெற்ற தேசிய அரும்பொருளகம் நிற்கிறது. றெம்பிராண்டின் இந்தச் சித்திரத்தின் பிரதியொன்று அங்கே பேணப்படுகிறது. மதிலைக் காட்டிய தாள், மதில் இருந்த எல்லைக்கு அப்பாலே, மதிலுக்குப்பின் எழுந்த கட்டடத்தில் பத்திரமாக இருக்கிறது. நகரத்தைக் காக்க எழுப்பிய மண்மலையைவிட, ஈரத்தாலும் நெருப்பாலும் ஒரு கணத்தில் அழியக்கூடிய கைத்தாளொன்று நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது.

நமது யாழ்ப்பாணக் கோட்டையும் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த போரில் பெருஞ்சேதமுற்றது. உள்ளே 1706இல் கட்டப்பட்ட தேவாலயம் இடிபாடாயிற்று. 2010ஆம் ஆண்டளவில் நெதர்லாந்தின் உதவியோடு மதில்களைத் திருத்தும் பணி தொடங்கிற்று. திருத்தும் கைகளுக்குப் பழைய படங்களும் வரைபடங்களும் எவ்வளவு துணை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஒரு சுவர் விழுந்தபின், அது எப்படி நின்றது என்பதைச் சொல்ல, அது நின்றபோதே அதைப் பார்த்து எழுதிவைத்த ஒருவர் வேண்டும். நம் ஊர்களில் அப்படி எழுதிவைக்கப்படாமலே மறைந்தவை எத்தனை! செக்கு ஆடிய கொட்டில்கள், சாயவேர் காய்ச்சிய சாலைகள், சுருட்டுச் சுற்றிய திண்ணைகள் ஆகியன மணத்தாலும் சத்தத்தாலும் ஊருக்கு அறிமுகமாயிருந்தவை. அரண்மனையைப் பாட ஆள் உண்டு. ஆலையை வரையத்தான் ஆள் அரிது.

ஆகவே நேயர்களே, அடுத்தமுறை உங்கள் ஊரிலே பழைய தொழிற்சாலை ஒன்றையோ, பாசி படிந்த மதில் ஒன்றையோ கடந்து போகும்போது ஒரு கணம் நில்லுங்கள். மூக்கைச் சுளிக்க வேண்டியிருந்தாலும் நில்லுங்கள். முடிந்தால் ஒரு கொப்பியில் அதன் உருவத்தைக் குறித்து, கீழே ஆண்டையும் எழுதி வையுங்கள். நாளை அந்த இடத்தைத் தேடுவோருக்கு, அந்த ஒரு தாளே மதிலும் ஆலையும் ஆகலாம்.